கல்லும் சுண்ணாம்பும் சொல்லும் பெங்களூர்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் அவர்களை எங்கே அழைத்துப் போவது என்பதில் நம் வீடுகளில் பெரிய யோசனை எதுவும் இருப்பதில்லை. லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, ஒரு மாலை கமர்ஷியல் ஸ்ட்ரீட், பொழுது இருந்தால் நந்தி மலை. அடுத்த முறை ஒரே ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கி ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் தெருக்களில் நிதானமாக நடந்து பாருங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் சில பழைய வீடுகள் மிச்சமிருக்கின்றன. அவற்றின் வாசல் தூண்களில் ஆங்கிலப் பெயர்கள் இருக்கும். ஆனால் சுவரையும் கூரையையும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அவை சொல்வது பெரும்பாலும் நம்மவர் கதை.

இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். கட்டடப் பொறியியலில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இன்ஸ்பெக்டர் ஆஃப் வொர்க்ஸ், சுருக்கமாக ஐ.ஓ.டபிள்யூ., என்ற பதவியில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். பிற்காலத்தில் அந்தப் பதவிக்கு செக்‌ஷன் இன்ஜினியர் என்று பெயர் சூட்டினார்கள். வேலை மட்டும் மாறவில்லை. ஸ்டேஷன் கட்டடங்கள், ஊழியர் குவார்ட்டர்ஸ், அதிகாரிகளின் பங்களாக்கள் எல்லாம் எங்கள் பொறுப்பு. மழைக்காலத்தில் எந்தக் கூரை ஒழுகினாலும் முதலில் திட்டு வாங்குபவர் ஐ.ஓ.டபிள்யூ.தான். அப்படித் திட்டு வாங்கியே பழைய கட்டடங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

தண்டு பிறந்த கதை

பெங்களூர் ஒரே ஊராக வளர்ந்ததன்று. 1537-இல் கெம்பே கௌடர் அமைத்தது பேட்டை. சிக்பேட்டை, பளேபேட்டை, அவென்யூ ரோடு எல்லாம் அதைச் சேர்ந்தவை. அதற்குக் கிழக்கே பல ஆண்டுகள் கழித்து வேறொரு ஊர் முளைத்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே காய்ச்சல் சிப்பாய்களைப் படாத பாடு படுத்தியது. அதனால் 1809-இல் அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்துக்குப் படையை மாற்றினார்கள். அதுதான் தண்டு. தண்டு என்றால் படை என்பது நமக்குத் தெரிந்ததே. கன்னடத்திலும் அதே சொல்தான்.

படை வந்தால் படை மட்டும் வருவதில்லை. துணி வெளுப்பவர், ரொட்டி சுடுபவர், வண்டி ஓட்டுபவர், தோல் தைப்பவர், கணக்கு எழுதுபவர், கல் அடுக்குபவர் என்று ஓர் ஊரே பின்னால் வரும். இது சென்னை ராஜதானியின் படை. ஆகவே பின்னால் வந்தவர்களில் ஆற்காடு, சேலம் ஜில்லாக்களைச் சேர்ந்த தமிழர்கள் மிகுதி. 1834-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்தப் படைவீரர்களைத் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. தமிழர் இங்கே வந்தது அப்போதுதான் என்றும் எண்ண வேண்டாம். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் பெருங்கூட்டமாக வந்தது தண்டோடுதான்.

பிறகு ரயில் வந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை அகலப் பாதை திறக்கப்பட்டது. கவனியுங்கள், ரயில் முதலில் வந்தது தண்டுக்கு. பேட்டையைத் தொட்டது 1882-இல்தான். சென்னையோடு ஒரே இரவில் தொடர்பு ஏற்பட்டுவிட்டபின், குடும்பங்களும் வந்தன, தேக்கும் இரும்பும் கண்ணாடியும் வந்தன. மாட்டு வண்டியில் கட்டி இழுக்க முடியாத கனமான பொருள்கள் எல்லாம் மலையேறி வந்து சேர்ந்தன. வீடுகளின் தோற்றமும் மாறத் தொடங்கியது.

1881 முதல் இந்தப் பகுதி சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் நேரடி ஆங்கில நிர்வாகத்தில் இருந்தது. 1947 ஜூலையில் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டு, 1949-இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் பாட்டிமார் பேட்டைக்குப் போவதை ‘சிட்டிக்குப் போகிறேன்’ என்று ஏதோ வெளியூர் போவதுபோல் சொன்னதன் காரணம் இதுதான்.

முன்வாசலும் பின்வாசலும்

தண்டின் பங்களா எப்படி அமைந்திருந்தது? பெரிய காம்பவுண்டு. நடுவில் வீடு. முன்னால் குதிரை வண்டி வந்து நிற்கப் போர்டிகோ. அதைத் தாண்டி வராந்தா, உயரமான ஹால், இரு பக்கமும் அறைகள். கூரைக்குச் சற்றுக் கீழே, கயிறு இழுத்தால் திறக்கும் சிறு ஜன்னல்கள். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே வெளியேறிவிடும். மின்விசிறி வராத காலத்தில் அதுவே விசிறி.

சமையலறை மட்டும் வீட்டோடு ஒட்டியிருக்காது. புகையும் நெருப்பும் தூரத்தில் இருக்கட்டும் என்று பின்புறம் தனியாகக் கட்டியிருப்பார்கள். அதற்கும் பின்னால் மதிலை ஒட்டி ஒரே வரிசையாகச் சிறு அறைகள்: பட்லர், சமையற்காரர், ஆயா, குதிரைக்காரர், தோட்டக்காரர் குடும்பங்கள். நம் முன்னோர் பலரின் பெங்களூர் வாழ்க்கை இந்த வரிசை அறைகளில்தான் தொடங்கியது. இளம் ராணுவ அதிகாரியாக 1896-இல் பெங்களூர் வந்த வின்ஸ்டன் சர்ச்சில், பெங்களூர் கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார் என்பதைக் கிளப்பின் பழைய கணக்குப் புத்தகம் சொல்கிறது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்கள். அவர் போன்றவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

பழைய வீடு ஒன்று பாதுகாக்கப்பட்டாலும், பெரும்பாலும் முன்பக்கம் மட்டுமே தப்புகிறது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று முதலில் இடிபடுவது இந்தப் பின் வரிசை. பழைய பங்களாவைப் பார்க்கப் போகிறவர்கள் போர்டிகோவை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பாமல், அனுமதி கேட்டுப் பின்பக்கமும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டியவர்கள்

உயர் நீதிமன்றமாக விளங்கும் சிவப்பு நிற அட்டாரா கச்சேரியை எல்லோரும் அறிவோம். அட்டாரா என்றால் பதினெட்டு. பதினெட்டு அரசு இலாகாக்கள் ஒரே கூரையின்கீழ் இயங்கியதால் வந்த பெயர். வடிவமைத்தவர் கர்னல் ரிச்சர்ட் சாங்கி. 1868-இல் அதைக் கட்டி முடித்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். வறுமையோடு பெங்களூர் வந்து, வணிகத்திலும் ஒப்பந்த வேலைகளிலும் உயர்ந்தவர் அவர். சம்பாதித்ததை வைத்து 1873-இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். என்று நாம் எழுத்துகளாகவே சொல்லிப் பழகிவிட்ட கல்வி நிறுவனங்கள் அவர் பெயரில் அமைந்தவை. அந்த எழுத்துகளை விரித்தால் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று வருவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அண்ணாசாமி முதலியாரும் அப்படிப்பட்ட கொடையாளரே. அல்சூர் ஏரிக்கரையில் நமது தமிழ்ச் சங்கத்துக்குப் போகும் சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சிவாஜி நகர்ப் பக்கம் வீரப்பிள்ளை தெரு, நாராயண பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று பலகைகள் இருக்கின்றன. குதிரைப்படையின் பெயரால் கேவல்ரி ரோடு என்று இருந்தது பின்னாளில் காமராஜர் சாலை ஆயிற்று.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். இவர்களுக்குக் கீழே வேலை செய்த மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் பெயர்கள் தெரியாது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் தமிழர்களே செய்தோம் என்று மார்தட்டினால் அது உண்மையாகாது. கருங்கல் உடைத்தவர்களில் தெலுங்கு பேசிய ஒட்டர்கள் ஏராளம். மரவேலையில் கன்னடத் தச்சர்களின் கை இருந்தது. மூன்று மொழியும் ஒரே சாரத்தில் நின்று பேசிய ஊர் இது. அந்தச் சாரத்தில் நமக்கும் ஓர் இடம் இருந்தது என்பதே நான் சொல்ல வருவது.

பிளேக் போட்ட தெருக்கள்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. வடக்கே தார்வாட், ஹூப்ளிப் பக்கம் ஏற்கெனவே பரவியிருந்த நோய், ரயிலில் வந்த பயணியோடு சேர்ந்து இறங்கியது. ரயில்வேக்காரன் என்ற முறையில் இதை எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேட்டையிலும், தண்டின் நெரிசலான பிளாக்பள்ளி போன்ற இடங்களிலும் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். வீடுகளைக் காலி செய்து வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். பிளேக் அம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன.

எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே 1898-இல்தான். அதை உலகம் ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. ஒப்புக்கொண்ட பிறகு, வீடு கட்டுவது என்பது எலியோடு நடத்தும் போராட்டமாக மாறியது. மண் சுவர் எலிக்கு வளை. அடுக்கடுக்காகப் போடும் நாட்டு ஓட்டுக் கூரை எலிக்கு மாளிகை. வீட்டோடு வீடு ஒட்டியிருந்தால் தெரு முழுக்க அதற்கு ராஜபாட்டை.

இந்தச் சிந்தனையிலிருந்து பிறந்ததுதான் ஃப்ரேசர் டவுன். 1905 முதல் 1910 வரை மைசூரில் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. திட்டத்தின் பின்னால் இருந்தவர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் என்ற பொறியாளர். பெங்களூரில் பிளேக் அண்டாத நகர் அமைப்பது பற்றி 1914-இல் தனிப் புத்தகமே எழுதினார். அகலமான நேர்த் தெருக்கள், வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் இடைவெளி, கெட்டியான தரை, வெளிச்சமும் காற்றும் புகும் அறைகள், எலி ஒளிய இடமில்லாத கூரை. இன்று அந்தத் தெருக்களில் மரநிழலில் நடக்கும்போது அழகுக்காக அமைத்தது போலத் தோன்றும். உண்மையில் அது சாவுக்குப் பயந்து போட்ட கோடு.

நெரிசலான சந்துகளிலிருந்து கொஞ்சம் காசு சேர்த்தவர்கள் புதிய டவுன்களுக்கு நகர்ந்தார்கள். கிளீவ்லாண்ட் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் என்று வரிசையாக வளர்ந்தன. பங்களாவின் பின் வரிசையில் பிறந்த பிள்ளை, ரயில்வேயிலோ தபால் இலாகாவிலோ குமாஸ்தா ஆகி, காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு வாங்கியதும் இந்தக் காலத்தில்தான். நம் குடும்பங்கள் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு வந்த கதை இந்தத் தெருக்களில் இருக்கிறது.

வீட்டின் வயதைப் படிப்பது எப்படி?

தெருவில் நின்றபடியே சில அடையாளங்களைப் பார்க்கலாம். முதலாவது, ஜன்னலுக்கும் போர்டிகோவுக்கும் மேலே கூம்பு வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் மரச் சட்டத் தொப்பி. இதை மங்கி டாப் என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு குரங்குக் கதை சொல்வார்கள். மெல்லிய பட்டிகளை இடைவெளி விட்டு அடித்திருப்பதால் சாரலும் வெயிலும் தடைபடும், காற்று தடைபடாது. பெங்களூர் வீடு என்பதற்கு இதைவிட நல்ல முத்திரை கிடையாது.

இரண்டாவது, மங்களூர் ஓடு. பல வீடுகளில் ஓட்டைக் கழற்றிப் பார்த்தால் பாசல் மிஷன் முத்திரையோடு 1865 என்ற எண் இருக்கும். உடனே ‘எங்கள் வீடு 1865-இல் கட்டியது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிறகு வெகுகாலம் அதே எண்ணை முத்திரையாகப் போட்டு வந்தார்கள்.

மூன்றாவது, எங்கள் இலாகாவின் விசேஷம். சில பழைய கட்டடங்களில், முக்கியமாக ரயில்வே குவார்ட்டர்ஸ்களில், கூரையைத் தாங்கும் உத்தரமே பழைய தண்டவாளமாக இருக்கும். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே செங்கல் வளைவு கட்டி மேலே தளம் போட்டிருப்பார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதை உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருக்கும். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் படிக்கலாம். ஆனால் அந்தத் தண்டவாளம் முதலில் பாதையில் கிடந்து ஓய்வு பெற்ற பிறகே கூரைக்கு வந்திருக்கும். எனவே கட்டடத்தின் வயது அந்த ஆண்டுக்குப் பிற்பட்டதுதான். ஓய்வுக்குப் பிறகும் உழைக்கும் தண்டவாளம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான்காவது, மெட்ராஸ் டெரஸ் தளம். இதுதான் நம் கொத்தனார்களின் கைவண்ணம். தேக்கு உத்தரங்களை ஓர் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக வைப்பார்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அது இறுகிய பின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்புவார்கள். அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, கையளவு மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். தாளம் தப்பாமலிருக்கப் பாட்டும் உண்டு. கட்டை துள்ளி எழும்பும் அளவுக்குத் தளம் இறுகினால்தான் மேஸ்திரி போதும் என்பார். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். கம்பியும் சிமெண்டும் இல்லாத இந்தத் தளம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டின் வட்டம்

தண்டுக்கு வெளியே ஒரு சிறிய ஊரையும் சொல்லாமல் விட முடியாது. ஒயிட்ஃபீல்டு என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் போக்குவரத்து நெரிசலும் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் வெள்ளை வயல் அன்று. சென்னையில் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தை நடத்திய டி.எஸ். ஒயிட் என்பவரின் பெயர். 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் அளித்த சுமார் 3,900 ஏக்கர் நிலத்தில், வேலையின்றித் தவித்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் விவசாயம் செய்து வாழட்டும் என்று அமைத்த குடியிருப்பு அது. நடுவில் வட்டமான புல்வெளி; அதைச் சுற்றி ஓட்டு வீடுகள்; ஒவ்வொன்றுக்கும் பெரிய தோட்டம். இன்னர் சர்க்கிள் என்ற பெயரில் அந்த வட்டம் இப்போதும் இருக்கிறது. வீடுகள் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன.

சென்னையிலிருந்து வரும் ரயிலில் நாம் எத்தனையோ முறை ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனைக் கடந்திருப்போம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், பிழைப்பைத் தேடி வந்து வேற்றூரைச் சொந்த ஊராக்கிக்கொண்ட இன்னொரு சமூகத்தின் தடம் கிடக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அது புரியாத கதை அன்று.

வீட்டைக் கொல்வது எது?

‘பழைய வீடு சார், ஆயுசு முடிஞ்சு போச்சு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் வயதானதால் மட்டுமே விழுந்த வீட்டை நான் பார்த்ததில்லை. மூன்று எதிரிகள் உண்டு. ஒன்று, மொட்டை மாடியில் அடைபட்ட மழைநீர்க் குழாய். சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனை முதலில் மக்கும். இரண்டு, விரிசலில் முளைக்கும் அரசங்கன்று. விரல் நீளத்தில் பிடுங்க வேண்டியதை விட்டுவைத்தால் சுவரையே பிளந்துவிடும். மூன்று, நல்லது செய்வதாக நினைத்துப் பூசும் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உப்புப் பூத்து, பூச்சு பொருமி, செங்கல் பொடியாகும். ஓதம் காக்கும் சுவருக்கு மேலும் சிமெண்ட் பூசுவது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி மேல் கம்பளி போர்த்துவது போல.

சில ஆண்டுகளுக்கு முன் காக்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து பிள்ளைகள், பெற்றோர் காலமாகிவிட்டனர். மூத்த சகோதரி மட்டும் அந்த வீட்டில் இருந்தார். ஹாலின் ஒரு மூலையில் ஒழுக்கு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் இடிப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். ஏணி போட்டு ஒவ்வோர் உத்தரமாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பதினாறில் பதினான்கு கணீரென்று ஒலித்தன. குழாயடியில் இருந்த இரண்டின் முனை மட்டும் மக்கியிருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, அந்த இரண்டுக்கும் இரும்பு ஆங்கிள் கொடுத்துத் தாங்கச் செய்தோம். மூலையில் சிமெண்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு இல்லை.

அப்போது அந்தச் சகோதரி ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா வீடு கட்டியபோது எழுதிய கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். செங்கல் ஆயிரம் இவ்வளவு, சுண்ணாம்பு வண்டி இவ்வளவு, கடுக்காய், வெல்லம், தச்சர் கூலி, தளம் தட்டிய பெண்களுக்குக் கூலி, தளம் முடிந்த அன்று கொத்தனாருக்கு வேட்டி. எல்லாம் தமிழில்; எண்கள்கூடத் தமிழ் எண்கள். வாசல் தூணில் இருந்த வீட்டின் பெயர் ஆங்கிலம். அதன் பிறப்புச் சான்றிதழ் தமிழ். நான் அன்று நெடுநேரம் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு நின்றது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் விற்கப்பட்டுவிட்டது. ஐந்து பங்கு, இருவர் வெளிநாட்டில், நிலத்தின் விலையோ யாரையும் யோசிக்க வைக்கும். குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு வீட்டை ஐந்தாக வெட்ட முடியாது, பணத்தை வெட்டலாம். இப்போது அங்கே ஐந்து மாடி நிற்கிறது. மங்கி டாப்பும் தேக்கு உத்தரங்களும் பழைய சாமான் கடைக்குப் போயின. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் எங்கெங்கோ உணவு விடுதிகளில் நிற்பதைப் பார்க்கிறோமே, அதே கதைதான்.

நாம் செய்யக்கூடியவை

பொதுக் கட்டடங்களுக்குக் குரல் கொடுக்க ஆட்கள் கிடைக்கிறார்கள். 1980-களில் அட்டாரா கச்சேரியையே இடித்துவிட்டுப் புதிது கட்ட முயற்சி நடந்தபோது பொதுநல வழக்குத் தொடுத்துக் காப்பாற்றினார்கள். தன்னைப் பற்றிய வழக்கைத் தன் கூரையின்கீழேயே கேட்ட கட்டடம் என்று அதைச் சொல்லலாம். தனியார் வீட்டுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அதன் விதி குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

எல்லா வீட்டையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நடக்காது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். முதலாவதாக, இடிக்கலாம் என்று முடிவெடுக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். கட்டடத்தை வாங்கவோ புதிதாகக் கட்டவோ போகிறவரின் கருத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவதாக, மழைக்கு முன்பு ஆண்டுக்கொருமுறை மாடிக்கு ஏறிக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு இன்ஜினியர் தேவையில்லை.

மூன்றாவதாக, வீடு போவது உறுதி என்றால், அது போவதற்கு முன் அளந்து வையுங்கள். ஒரு டேப், ஒரு நோட்டு, இரண்டு பேர் போதும். ஒவ்வோர் அறையையும் அளந்து வரைபடம் போடுங்கள். பின்வரிசை அறைகளையும் விடாதீர்கள். எந்த அறையில் யார் பிறந்தார், எங்கே கொலு வைத்தார்கள், எங்கே அம்மி கிடந்தது என்று பெரியவர்களைக் கேட்டு வரைபடத்திலேயே குறியுங்கள். புகைப்படம் எடுங்கள். பத்திரம், வரி ரசீது, கணக்குப் புத்தகம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் 1867 முதல் பழைய வீடுகளின் சுவரில் வட்டப் பலகை பதிக்கும் வழக்கம் உண்டு. இன்னார் இங்கே வாழ்ந்தார் என்று அதில் இருக்கும். கட்டிய கொத்தனாரின் பெயரை அதில் தேட வேண்டாம். நாம் வேறு மாதிரி செய்யலாம். காக்ஸ் டவுனிலோ அல்சூரிலோ உங்கள் குடும்ப வீடு இன்னும் நின்றால், வாசலில் கையகலக் கல் ஒன்றைப் பதியுங்கள். கட்டிய ஆண்டு, கட்டுவித்தவர் பெயர், தெரிந்தால் கொத்தனார் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் பொறியுங்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தெருவில் போகிற பிள்ளை ஒன்று நின்று படித்தாலும் போதும்.

இந்தப் பக்கங்களை வாசிக்கும் அன்பர்களிடம் பழைய வீட்டுக் கணக்குகளோ, வரைபடங்களோ, தளம் தட்டும் பாட்டை நினைவில் வைத்திருக்கும் பாட்டிமாரோ இருந்தால் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். எழுதிக்கொள்ள நான் நோட்டோடு வருகிறேன். உத்தரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், சுத்தியலையும் எடுத்து வருகிறேன். முழங்கால் ஒத்துழைக்கும்வரை ஏணி ஏற எனக்குத் தயக்கமில்லை.